பச்சை உடம்புக்குத் தண்ணீர்

வெள்ளைக்காரன் காலத்தில், பாலோ ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயத்தில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவளுடைய மாமியாரை நான் அத்தை என்பேன். பிள்ளைப்பேற்றில் அத்தை வைத்ததுதான் சட்டம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது, குடித்தால் சன்னி பிறந்து கை கால் இழுக்கும் என்பாள். மிளகும் சுட்ட கருவாடும் போட்டுக் கெட்டிச் சோறு. தொண்டை நனையக் கொஞ்சம் சுக்குத் தண்ணீர். வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அக்கா உதட்டை நக்கிக்கொண்டு கிடப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏதாவது சொன்னால், "நீ பெத்திருக்கியா? வாய மூடுடி" என்பாள் அத்தை.

அக்காவுக்குத் தலைவலி பிடித்தது. படுத்தால் கூடியது, பிறகு வாந்தி. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் எட்டிப் பார்த்து, மலேரியா என்று கொயினா கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனிதருக்குக் கால் சுளுக்கினாலும் மலேரியாதான். மறுநாள் அக்காவின் வலது கை மட்டும் தானாக வெட்டி வெட்டி இழுத்தது. அத்தை வேப்பிலையை எடுத்தாள். "சன்னி வந்துருச்சே, எவடி தண்ணி குடுத்தது?" என்று என்னை முறைத்தாள். கொடுக்க விட்டால்தானே!

அத்தான் ரப்பர் லாரியில் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் அத்தையும் கூடப் போனோம். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், நினைவு தப்பிக் கிடந்த அவள் கண்ணைத் திறந்து உள்ளே சின்ன விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். பிள்ளை எப்போது பிறந்தது, எந்தக் கை இழுத்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வெடித்துக் காய்ந்த நாக்கைப் பார்த்ததும், "பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி குடுக்கேல்லையோ?" என்றார். அத்தை தலைகுனிந்து நின்றாள்.

மூளையிலிருந்து ரத்தம் திரும்பி வருகிற நரம்பில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது என்றார் அவர். பிள்ளை பெற்றவர்களுக்கு வருவதுண்டாம். உடம்பு வறண்டிருந்தால் இன்னும் சுலபமாக வருமாம். கண்டுபிடித்துவிட்டாரே, இனி பிழைத்துவிடுவாள் என்று எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"கட்டியைக் கரைக்க மருந்தில்லை, பிள்ளை" என்றார் டாக்டர் என்னிடம் மெதுவாக.

ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். அக்கா கண் விழிக்கவேயில்லை.

லயத்து வாசலில் அவளைக் கிடத்தினோம். குளிப்பாட்டக் குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. எடுப்பதற்கு முன் வாயில் தண்ணீர் விடுவது எங்கள் வழக்கம். முதலில் செம்பை எடுத்தது அத்தைதான். ஒரு சொட்டு விட்டால் போதும். அவளோ ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாய் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, பாய் நனைந்தும் அவள் நிறுத்தவில்லை.