கிணற்றுத் தண்ணீர் ஓடிய கம்ப்யூட்டர்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கட்டுக்கதை என்று சிரிக்கிறவர்கள், ஒருநாள் ஈப்போ புந்தோங்கில் இருக்கிற என் கடைக்கு வந்து, சாமி மாடத்தில் நிற்கும் காலிப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். என் பெயர் தினேஸ்வரி. கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது என் தொழில். பேய் பிசாசுக்கெல்லாம் நான் பயந்ததே இல்லை. போன வருஷம் வரைக்கும்.

சாந்தினி என்ற பெண் என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் கேட்டிருந்தாள். அவளும் அவள் புருஷன் தர்மேந்திரனும் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள். அவன் டிரோன் பறக்க விடுவான். எடிட்டிங் எல்லாம் இவள்தான். இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமுடி. நாற்காலியில் உட்காரும்போது முடியைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள்.

"அக்கா, நாலு கேமரா கிளிப்ப ஒண்ணா ஓட்டுனா எஸ்எஸ்டி கொதிக்குதுக்கா. கொதிச்சா அதுவே ஸ்லோ ஆயிடுது. தண்ணி விட்டாச்சும் குளிர வச்சுக் குடுங்கலா."

அவள் கேட்டது நியாயம்தான். வீடியோவையெல்லாம் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி, இப்போது வருகிற வேகமான வகை, சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும். ஆனால் சூடு எண்பது டிகிரியைத் தாண்டிவிடும். அதன் தலைமேல் ஒரு செம்புக் கட்டியை உட்காரவைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிட வேண்டும். சூட்டை வாங்கிக்கொண்டு போகும் தண்ணீரை விசிறி ஆற்றும். பம்ப் மறுபடி உள்ளே தள்ளும். கண்ணாடி மாதிரி தெரிகிற குழாயைச் சாந்தினியே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். சாமான்களுக்குச் சொல்லிவைத்தேன்.

சாமான் வந்து இறங்கியபோது சாந்தினி இல்லை. தர்மேந்திரன்தான் வந்தான்.

"அவ ஜொகூருக்கு எவன்கூடயோ போயிட்டா சிஸ். மானத்த வாங்கிட்டா. கம்ப்யூட்டர என் பேர்லயே போட்டுருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய் நிறத்தைக்கூட நாலு முறை போன் பண்ணி உறுதி செய்தவள், யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போவாளா? அவள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அணைந்து கிடந்தது. ஊரெல்லாம் அவள் பெயரை நாறடித்துக்கொண்டிருந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

கம்ப்யூட்டர் தயாரான அன்று காலையில் அவனுடைய அம்மா மங்களம் வந்தார். கையில் ஒரு பெரிய மினரல் வாட்டர் பாட்டில், நிறையத் தண்ணீர், அதில் மிதக்கும் துளசி இலைகள். புதுச் சாமான் எது வாங்கினாலும் அவர்கள் வீட்டில் குலதெய்வக் கோயில் தண்ணீர் தெளித்துத்தான் தொடங்குவார்கள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். தொழிலாளிகள் குடியிருந்த லயமெல்லாம் இடித்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கோயிலும் அதன் கிணறும் மட்டும்தான் மிச்சம்.

"மேல தெளிச்சா கரண்ட் அடிக்கும்னு சொல்வீங்க. உள்ளதான் தண்ணி ஓடுதாமே? அதுல கொஞ்சம் சேத்துடும்மா."

அதில் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறெதுவும் விடக்கூடாது. பாசி பிடிக்கும், செம்பு அரிக்கும். எனக்குத் தெரியாதா? ஆனால் நானே ஒவ்வொரு புதுக் கம்ப்யூட்டருக்கும் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றுகிறவள். வயதான அம்மா பஸ் ஏறித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். எப்படி மறுப்பது?

"ஒரே ஒரு மூடிதான் ஆன்ட்டி."

என் உள்ளங்கையிலும் கொஞ்சம் ஊற்றினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தேன். துளசி, பச்சைக் கற்பூரம். அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை. பழைய கிணறு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொரோனா வந்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு வாசனையே தெரியாது.

மீதித் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று, பாட்டிலை என் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தர்மேந்திரன் வந்தான். வெளியே பேய்மழை. கடையில் ஏசி கெட்டுக் கிடந்தது. சுவரிலிருந்த மீட்டர் 31 டிகிரி காட்டியது. தன் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, கல்யாண வீடியோக்களைப் புது எஸ்எஸ்டிக்கு மாற்றச் சொன்னான். வேகத்தைச் சோதிக்க அதுதான் நல்ல வழி.

காப்பி ஓட ஆரம்பித்தது. சூடு ஏற வேண்டும். ஐம்பது வரைக்கும் ஏறினால் சரி.

ஏறவில்லை. திரையில் எஸ்எஸ்டியின் சூடு 36-இல் இருந்தது... 34.

"சூப்பரா கூல் பண்ணுதே சிஸ்" என்றான்.

31.

தண்ணீர் எவ்வளவு ஓடினாலும், அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. போகவே முடியாது. விசிறி ஊதுவது இந்தக் கடைக் காற்றைத்தானே.

27.

சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து, குழாயைத் தொட்டேன். விரல் விறைத்தது. ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போல. குழாயின் வெளிப்புறம் வேர்க்க ஆரம்பித்தது.

22.

பம்ப் சத்தம் மாறியது. முதலில் 'ம்ம்ம்' என்று ஒரே சீராக இருந்தது. இப்போது... களுக்... களுக்... யாரோ தண்ணீருக்குள் வாய் திறந்து மூடுவது போல.

குனிந்து பார்த்தேன். குழாய்க்குள் ஏதோ கறுப்பாக ஓடியது. நூலா?

முடி.

நீள முடி. ஒன்று. பிறகு இரண்டு. பிறகு ஒரு கற்றை. செம்புக் கட்டியின் மேல்மூடி கண்ணாடிதான். உள்ளே சீப்பு மாதிரி இருக்கிற செம்புப் பற்களில் அது சிக்கிச் சிக்கிச் சேர்ந்தது. என் தலை கழுத்தோடு வெட்டிய கிராப்பு. அந்த முடி என்னுடையது இல்லை.

தர்மேந்திரனும் பார்த்தான். அவன் குரலே மாறிவிட்டது.

"உள்ள... என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"உங்கம்மா கொண்டாந்தது. கோயில் கெணத்துத் தண்ணி."

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது.

"அங்க போகாதன்னு சொன்னேனே... சொன்னேனே அம்மாகிட்ட..."

14.

காப்பி முடிந்தது என்று திரை சொன்னது. புது எஸ்எஸ்டியில் ஒரே ஒரு கிளிப்தான் இருந்தது. அத்தனை கல்யாணத்தையும் காணோம்.

"இது... இத நான் அழிச்சிட்டேன்..." என்றான்.

யாரும் மவுசைத் தொடவில்லை. கிளிப் தானாகத் திறந்தது.

டிரோனிலிருந்து எடுத்த படம். வரிசையாகச் செம்பனை. கோயிலின் தகரக் கூரை. கிணற்றின் வட்ட வாய். பக்கத்தில் இரண்டு பேர். நீலச் சுடிதார்க்காரி கிணற்றுக்குள் குனிந்து எதையோ பார்க்கிறாள். நீளமான முடி முன்னால் சரிந்து விழுகிறது.

பின்னால் நிற்பவன் இரண்டு கையையும் தூக்குகிறான்.

தர்மேந்திரன் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். திரை இருண்டது.

பம்ப் நிற்கவில்லை.

களுக்... களுக்...

வயர் அவன் கையில்தான் இருந்தது.

களுக்... களுக்...

கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக்கொண்டு மழையில் ஓடினான். கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்டது. என் வாயெல்லாம் பச்சைக் கற்பூர வாசம்.

நான் நேராகப் போலீசுக்குப் போனேன். கிளிப்பைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்தார்கள்.

சாந்தினி ஜொகூருக்குப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. மிதந்து வராமல் இருக்க, பிறகு அம்மிக்கல்லோடு கட்டி ஆழ்த்தியிருந்தான்.

அவன் அதற்கு முன்பே கிடைத்துவிட்டான். செம்மோர் போகிற சாலையோரம், மேட்டில் கார் நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியபடி. உள்ளே எங்கும் தண்ணீர் தேங்கவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நுரையீரல் இரண்டிலும் தண்ணீர். மூழ்கிச் செத்திருக்கிறான். பக்கத்துச் சீட்டில் இருந்த கம்ப்யூட்டரின் குழாய்கள் காய்ந்து கிடந்தன. ஒரு பிரி முடிகூட இல்லை.

அவனுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போதும் சொல்கிறேன், நல்லா வேணும்.

ஆனால் கருமாதி முடிந்து மங்களம் ஆன்ட்டி கடைக்கு வந்தார். மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாரா வாரம் அந்தத் தண்ணிய வீட்ல எல்லாரும் குடிச்சோம்மா. எங்க யாருக்கும் ஒண்ணும் ஆவல. அவன் மட்டும் ஒரு சொட்டு வாயில வச்சதில்ல. கிளாஸ்ல குடுத்தா சிங்க்ல ஊத்திடுவான்."

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தொண்டைக்குள்ள துளசி எல இருந்துச்சாம்."

நான் கம்ப்யூட்டருக்குள் விட்டது ஒரு மூடித் தண்ணீர். இலை விழாமல் வடிகட்டித்தான் விட்டேன். அந்தக் குழாய்களில் மொத்தமே ஒரு கிளாஸ் தண்ணீர்தான் பிடிக்கும்.

திரும்பிச் சாமி மாடத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த அம்மா வைத்துவிட்டுப் போன பாட்டில் அங்கேயேதான் இருந்தது. கழுத்து வரைக்கும் தண்ணீர் இருந்த பாட்டில். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை.

மூடி இறுக்கித் திருகியபடியே இருந்தது.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துளசி இலையும் இல்லை.