வீட்டுக்குத் தூரம்

முகாமில் எடுத்த பரிசோதனையின் முடிவென்று நர்சம்மா போனில் சொன்ன மூன்று எழுத்தில் நடு எழுத்து எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் வேலை பார்க்கும் திருபுவனை கம்பெனியில் பேக்கிங் பிரிவில் எந்நேரமும் மெஷின் இரைச்சல். 'பாசிட்டிவ்' என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன்.

"ஐயோ, நீங்க நெனைக்கிற எச்.ஐ.வி. இல்லமா. இது எச்.பி.வி. கர்ப்பப்பை வாயில இருக்கிற கிருமி. நம்ம பக்கம் நெறைய பொம்பளைங்களுக்கு இருக்கு. பெரும்பாலும் தானா போயிடும். போகாம தங்கிட்டாதான் புத்துநோயில கொண்டு வுடும். பெரியாஸ்பத்திரிக்கு வந்து ஒருவாட்டி காட்டிட்டுப் போயிடுங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு 'புத்து' மட்டும்தான் மனதில் தங்கியது. எப்படி வருமென்று கேட்டேன்.

"புருஷன் பொஞ்சாதி உறவுல வர்றதுதான். எப்ப வந்துது, யார்கிட்டருந்து வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பல வருஷமாகூட இருந்திருக்கும். அதுக்காக வூட்ல சண்டை கிண்டை வச்சிக்காதீங்க."

சண்டை போடவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா, கொழம்புல எதனா வுழுந்துடுச்சா?" என்றார். என் சோப்பைத் தனியாக எடுத்து வைத்தேன். மகள் என் துண்டை எடுத்தபோது வெடுக்கென்று பிடுங்கினேன். தொட்டால் ஒட்டாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

இதைவிட என்னை அரித்தது வேறொன்று. போன வருஷமே எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் இதே பரிசோதனைக்கு முகாம் போட்டார்கள். புடவையைக் கட்டி மறைத்த இடத்தில் காலை அகட்டிப் படுக்க வேண்டும் என்று தெரிந்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் முறை வந்தபோது, "எனக்கு வூட்டுக்குத் தூரம்" என்று புளுகினேன். அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் ஊரில் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். "தூரம்னா அடுத்தவாட்டி வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பின்னால் நின்றது எதிர்வீட்டு அக்கா. கணவர் போன பிறகு கரும்புக் கொல்லையைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர். "எனக்கும் அதேதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவரும் திரும்பிவிட்டார். வழியில் நான், "என் வாலைப் புடிச்சிக்கினே நீயும் தப்பிச்சிட்டியேக்கா" என்று சிரித்தேன். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தார்.

வரிசையில் என் மாமியாரும் இருந்ததால் பொய்யைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்த வாரம்தான் மாரியம்மன் கோயில் செடல் திருவிழா. தேர் எங்கள் தெருவில் வந்தபோது நான் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அக்காவும் கோயில் பக்கம் போகவில்லை. பொய்யிலும் எவ்வளவு ஒழுங்கு என்று மெச்சிக்கொண்டேன். இந்த வருஷம் முகாம் போட்டபோது முதல் ஆளாகப் போய்ப் படுத்ததும் அந்தக் குற்ற உணர்ச்சியால்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று பஸ்ஸில் ஏறினால், ஜன்னல் ஓரம் அக்கா.

"எங்கக்கா?"

"கண்ணு பாக்க. நீ?"

"ஆதார்ல போன் நம்பர் மாத்த."

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினோம். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி நடந்து ஒரே வாசலுக்குள் நுழைந்தோம். உள்ளே பெஞ்சில் எங்கள் ஊர் டெய்லரம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். முந்தின நாள் ரேஷன் கடையில் என்னோடு வரிசையில் நின்ற இரண்டு பேர் இருந்தார்கள். வில்லியனூர் மளிகைக் கடை பாயம்மா எங்களைப் பார்த்துச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். நிறைய பேருக்கு இருக்கிறது என்று நர்சம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேரும் இத்தனை நாளாக இதைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இப்போதைக்கு எந்த மாற்றமும் இல்லை, அடுத்த வருஷம் மறக்காமல் வாருங்கள் என்றார். வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

அக்கா உள்ளே போய் வெகுநேரம் ஆனது. வந்து என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. பத்து நாளாவுமாம். இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்னு சொன்னாங்க."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். "எல்லாம் என்னாலதாங்கா. போன வருஷம் நான் அந்தப் பொய்யச் சொல்லாம இருந்திருந்தா நீயும் சொல்லியிருக்க மாட்ட."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பொய்?"

"தூரம்னு சொன்னோமே."

"அது பொய்யா?"

அவர் மடியில் இருந்த சீட்டை நான்காக மடித்தார்.

"நான் பொய் சொல்லலடி. எனக்குத் தூரம் நின்னு மூணு வருஷம் ஆயிருந்துது. அந்த வாரம் மறுபடியும் ரத்தம் பட்டுச்சு. பயந்துபோய் அந்த நர்சம்மாகிட்ட கேக்கலாம்னுதான் வரிசையில நின்னேன். நீ முன்னாடி நின்னு தூரம்னு சொன்ன. அடுத்தவாட்டி வான்னாங்க. இதுவும் சும்மா தூரந்தான் போலன்னு நெனச்சிக்கினு நானும் அதையே சொல்லிட்டு வந்துட்டேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் ஓரத்தை விட்டேன். ஊர் நெருங்கும்போது என் கையைப் பிடித்தார். "யாரு கேட்டாலும் கண்ணு பாக்கப் போனோம்னே சொல்லு, இன்னா?" என்றார்.

இன்னொரு பொய்க்கு என்னால் தலையாட்ட முடியவில்லை.