நீரைச் சேமிக்கச் சொன்ன மாணவி

கல்லூரியின் கடைசித் தவணையில் எனக்குக் கிடைத்த பயிற்சி வேலையின் பெயர் ‘வகுப்பறையில் வட்டாரச் செய்தி’. ஒரு தமிழ் நாளிதழின் ஈப்போ கிளை அலுவலகம் அதை நடத்தியது. வாரத்தில் மூன்று நாள் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளுக்குப் பத்திரிகை படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். தங்கள் ஊரில் நடப்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தை எழுதியவர் நன்றாகவே எழுதியிருந்தார். எழுதியதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் அலுவலகம் போய், பத்திரிகைக் கட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்புவேன். கட்டில் இருந்தவை கடைகளில் விற்காமல் திரும்பி வந்த பிரதிகள். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் படித்தது போன வெள்ளிக்கிழமைச் செய்தியை. பழைய பத்திரிகையைக் குப்பையில் போடுவதைவிடப் பள்ளியில் போட்டால் அதற்குக் கல்விச் சேவை என்று பெயர்.

எனக்கு ஒதுக்கிய பள்ளிகளில் ஒன்று சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி உள்ளே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இருந்தது. இப்போது சுற்றிலும் செம்பனை. தோட்டம் கைமாறிய பிறகும் போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தன. பெரியவர்கள் தொழிற்சாலை பஸ்ஸில் கமுந்திங் வரை போய் வேலை செய்தார்கள். ஐந்தாம் ஆண்டில் ஒன்பது பிள்ளைகள்.

திட்டத்தின் தொடக்க விழாவை அந்தப் பள்ளியில்தான் வைத்தார்கள். பத்து மணிக்கு வரவேண்டிய பிரமுகர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர் பத்திரிகை வாசிப்பின் அருமை பற்றி அரை மணி நேரம் பேசினார். பேச்சைக் கேட்டபோது அவர் எந்தப் பத்திரிகையையும் தன் படம் இருக்கும் பக்கம் தாண்டிப் புரட்டியதில்லை என்று தோன்றியது. பிறகு ஆளுக்கொரு பத்திரிகையைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் காரில் ஏறியதும் பத்திரிகைகளைத் திரும்ப வாங்கி வைக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. அடுத்த பள்ளிக்கு வேண்டுமாம். நான் வாங்கி அடுக்கினேன்.

வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாராக அச்சடித்துத் தந்திருந்தார்கள். ‘நிகழ்ச்சிக்கு வருகை தந்தவர் யார்? தலைமை தாங்கியவர் யார்?’ என்று கேள்விகள். வட்டாரப் பக்கத்தில் எதை எடுத்தாலும் அந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு சிறுமி கை தூக்கினாள். ஒல்லியான பிள்ளை, பேசுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பவள்.

“அக்கா, இதுல எல்லாரும் பொன்னாடை போத்திக்கிட்டே இருக்காங்க லா. வேற ஒண்ணும் நடக்கலியா?”

ஈப்போவில் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எவரும் கேட்காத கேள்வி அது. நான் உள்பட.

பயிற்சித்தாளை மடித்து வைத்துவிட்டு, உங்கள் வீட்டைச் சுற்றி நடந்ததை எழுதி வாருங்கள் என்றேன். யார், எப்போது, எங்கே என்று கேட்டுச் சரிபார்த்துவிட்டு எழுத வேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது என்று மட்டும் சொன்னேன். மறுவாரம் நாய்க்குட்டி பிறந்தது, மாமா லோரி ஓட்டும் லைசென்ஸ் எடுத்தது என்று எழுதி வந்தார்கள். அந்தச் சிறுமி எழுதியது நான்கே வரி.

‘எங்கள் லயத்தில் முப்பத்தொரு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. ஆற்றிலிருந்து எடுத்து வருகிறோம். பள்ளிக்கு விருந்தினர் வந்த அன்று தண்ணீர் லோரி வந்து பள்ளித் தொட்டியை நிரப்பியது. லயத்துக்கு வரவில்லை.’

கல்லூரியில் மூன்று வருடம் படித்து நான் இப்படி நான்கு வரி எழுதியதில்லை. பள்ளி முடிந்து அவளோடு லயத்துக்குப் போனேன். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவளுடைய அம்மா இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமல் வாளிகளோடு ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எத்தனை நாள், யாரிடம் புகார் செய்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். தண்ணீர் அலுவலகத்துக்கு அங்கிருந்தே போன் செய்தேன். பேசியவர் மலாயில் ‘சபார்’ என்றார். பொறுமையாக இருக்க வேண்டுமாம். எத்தனை நாள் பொறுமை என்று கேட்டதற்கு இணைப்பை வேறு யாருக்கோ மாற்றினார். அவர் எடுக்கவில்லை. அதையும் சேர்த்து, சிறுமியின் நான்கு வரிக்குக் கீழே என் பங்கை எழுதிக் கொண்டுபோனேன்.

கிளைப் பொறுப்பாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். தமிழ்மீது பற்றுக்கொண்டவர் என்று ஊரில் பெயர். அந்தப் பற்று பெரும்பாலும் ஒற்றுப்பிழை திருத்துவதோடு நின்றுவிடும். செய்தியை இரண்டு முறை படித்தார். ‘பிள்ளை நல்லா எழுதுதே’ என்றார். பிறகு பேனாவை எடுத்து மூன்றாவது வரியையும் நான்காவது வரியையும் அடித்தார்.

“அவரு வந்த அன்னைக்கு மட்டும் தண்ணி வந்துச்சுன்னு போட்டா, அவரைப் பாராட்டுறமா, குத்தம் சொல்றமாம்மா?”

“நடந்தது அதுதான் சார்.”

“நடக்குறதெல்லாம் நியூஸ் இல்லம்மா. விடு, நான் பாத்துப் போடுறேன்.”

சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். அதுதான் காரணம். வேறு எந்தக் காரணத்தையும் நான் ஜோடிக்கப்போவதில்லை.

அந்த வாரம் செய்தி வந்தது. தலைப்பு: ‘நீரைச் சேமிப்போம் – தோட்டப்புற மாணவி வேண்டுகோள்’. பக்கத்தில் தொடக்க விழாப் படம். நீர் இறைவன் தந்த கொடை என்றும், பல் துலக்கும்போது குழாயை மூடிவைக்க வேண்டும் என்றும் அவள் கூறியிருந்தாள். தண்ணீர் வராத குழாயை மூடச் சொன்ன முதல் பிள்ளை உலகத்தில் அவளாகத்தான் இருக்கும். முடிவில், இப்படிப்பட்ட விழிப்புணர்வு பிறக்கக் காரணமான பிரமுகருக்கு நன்றி வேறு.

அதிசயமாக அந்த ஒருமுறை அன்றைய பத்திரிகையையே கொடுத்தனுப்பினார்கள். வகுப்பில் தன் பெயரைக் கண்டதும் சிறுமி எழுந்து நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்தில் குரல் இறங்கியது. முழுதும் படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நான் இத எழுதலியே, அக்கா.”

பத்திரிகையில் இடம் போதவில்லை, அதனால் மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் அந்தச் செய்தியையும், அதற்குப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு இருந்த பிறந்தநாள் வாழ்த்தையும் பார்த்தாள். உட்கார்ந்து, சிவப்புப் பேனா இரவல் வாங்கி, பிழை திருத்துவது போல் ஒவ்வொரு வரியாக அடித்து, ஓரத்தில் தன்னுடைய நான்கு வரிகளையும் பொடி எழுத்தில் எழுதினாள். நான் தடுக்கவில்லை. தைரியத்தால் அல்ல. என்ன செய்வதென்று தெரியாததால்.

அன்று மாலை அவளுடைய அம்மா போன் செய்தார். லயத்தில் எல்லாரும் கேலி செய்கிறார்களாம், உன் மகள் எங்களைத் தண்ணீரைச் சேமிக்கச் சொல்லுது என்று. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பச்சப்புள்ள பேர்ல பொய் சொல்ல ஒங்களுக்கெல்லாம் கூசலியாம்மா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. மகள் சிவப்புப் பேனாவால் திருத்திய பக்கத்தைப் படம் எடுத்து, வறண்ட குழாயின் படத்தையும் சேர்த்து, தொழிற்சாலைத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவர்கள் தங்கள் ஊர்க் குழுக்களில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஈப்போவில் என் அத்தை வரை வந்துவிட்டது. திங்கட்கிழமை லயத்துக்குத் தண்ணீர் லோரி வந்தது. வியாழக்கிழமை ஆட்கள் வந்து ரோட்டோரம் தோண்டி, உடைந்த குழாயை மாற்றினார்கள். பொறுமைக்குக் கெடு அவ்வளவுதான்.

சனிக்கிழமை எங்கள் பத்திரிகை ‘நமது செய்தியின் எதிரொலி’ என்று நான்கு பத்தியில் மார்தட்டியது. பிரமுகர் குழாயைத் திறந்து வைக்கும் படம் இருந்தது. பொறுப்பாளர் அலுவலகத்தில் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் இரண்டு கிடைத்தது. தின்றேன்.

பயிற்சி அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் விரிவுரையாளர் ஏழாம் பக்கத்திலிருந்து பத்தாம் பக்கம் வரை கோடு போட்டு, ‘எதிர்மறை அனுபவங்களைத் தவிர்க்கவும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஊடகம் உண்மையைப் பேச வேண்டும் என்று முதல் வருடம் முழுக்கப் பாடம் நடத்தியவர் அவர்தான். நான் அந்த நான்கு பக்கங்களையும் எடுத்துவிட்டேன். ‘ஏ’ தரம் கிடைத்தது. பொறுப்பாளரையும் பிரமுகரையும் பற்றி இவ்வளவு ஏளனமாக எழுதுகிறேனே, அவர்களாவது தங்கள் பிழைப்புக்காகச் செய்தார்கள். நான் ஒற்றை எழுத்துக்காகச் செய்தேன்.

இப்போது ஈப்போவில் ஒரு சரக்கு நிறுவனத்தில் அலுவலக வேலை. போன தீபாவளிக்கு முன் சுங்கை சிப்புட்டில் ஒரு துணிக்கடையில் அம்மாவையும் மகளையும் பார்த்தேன். மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள், என் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். காலையில் இரண்டு மணி நேரம் வரும், பிடித்து வைத்துக்கொள்வோம் என்றார் அம்மா. பழைய கோபம் எதையும் அவர் முகத்தில் காட்டவில்லை. இன்னும் பேப்பர் ஆபீசிலா என்று விசாரித்தார். இல்லை என்றேன்.

“நல்லதும்மா” என்றார். மகள் பாவாடைத் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் போகுமா என்று கடைக்காரரிடம் கேட்டாள். போகாது என்றார் அவர். எத்தனை தடவை துவைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டாள்.