பேர் எழுதிய பாட்டில்

இந்த ஜெர்மன் ஊரில் காலை பத்து மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை இழுத்து, இருட்டில் உட்கார எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மின்சாரம் தயாரிக்கும் நெய்வேலியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கடலூரில் நாங்கள் தினமும் இலவசமாகப் பெற்ற இருட்டு. செல்போனைக்கூட வாசலில் வைத்துவிட வேண்டும். அதன் வெளிச்சம் பட்டால் படம் பாழ் என்பது ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹெல்காவின் சட்டம். உள்ளே லேசர் மைக்ரோஸ்கோப். மெல்லிய சதைத் துண்டின் மேல் ஒளியை ஓட்டினால், சாயம் போடாமலே கொழுப்பு, நார், செல் மூன்றும் ஒரே நேரத்தில் தனித்தனியே பிடிபடும். கணினி அவற்றுக்குச் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் கொடுக்கும்.

போன முறை கடலூர் முதுநகர் போனபோது இதை அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். அக்கா வீட்டில் மீன் குழம்பும் சோறுமாகப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, "கத்தி வேணாம், சாயம் வேணாம், லைட்டு பட்டாலே கேன்சரா இல்லியான்னு தெரிஞ்சிடும்" என்று அள்ளிவிட்டேன். என்னிடம் வருவதே யாரிடமோ ஏற்கெனவே அறுத்தெடுத்த துண்டுதான், இது இன்னும் ஆராய்ச்சிதான் என்ற சில்லறை விஷயங்களை விட்டுவிட்டேன். வெளிநாட்டுக்காரன் ஊருக்கு வந்தால் கொஞ்சம் சென்ட், கொஞ்சம் சாக்லேட், கொஞ்சம் பொய் கொண்டுவருவது வழக்கம்தானே.

சென்டும் சாக்லேட்டும் தீர்ந்துவிட்டன. பொய்யை மட்டும் அக்காவின் கணவர், என் மாமா, பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். போன வாரம் போனில் சொன்னார்: "ஒங்க அக்காவுக்கு நாக்கு ஓரத்துல ஒரு புண்ணு மச்சான், ஆறவே மாட்டேங்குது. சதை டெஸ்ட் எடுக்கணும்னு ரெண்டு மாசம் முன்னாடியே டாக்டர் சொன்னாரு. கத்தி பட்டா பரவிடும்னு நான்தான் வேணாம்னுட்டேன். நீ பொங்கலுக்கு வர்றப்ப அந்த லேசர எடுத்துனு வந்துடு, பாத்துடலாம்."

அந்த லேசர் இரண்டு கட்டில் அகல மேசையில் இருக்கிறது. கதவை ஓங்கிச் சாத்தினாலே கோபித்துக்கொள்ளும். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாய்க்கொழுப்பை நம்பி அக்கா இரண்டு மாதம் வலியோடு காத்திருந்திருக்கிறாள்.

"பெருமைக்குச் சொன்னேன் மாமா. இங்கயும் வெட்டி எடுத்துதான் பாக்குறாங்க. கத்தி பட்டா பரவாது. நாளைக்கே டெஸ்ட் எடுத்துடுங்க."

"அப்ப ஒன்ன நம்புனது எங்க தப்பா மச்சான்?" என்றார்.

மறுநாள் கணினித் திரையில் இருந்த துண்டைப் பார்த்து ஹெல்கா, "எவ்வளவு அழகு!" என்றாள். "யாருடையது? பிழைத்துவிட்டாரா?" என்று கேட்டேன். நோயாளியின் விவரத்தைக் கறக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மாதிரி எண் பதினேழு என்று மட்டும் சொல்லி, ரகசியக் காப்பு விதிகளை என் முன் வைத்தாள். மரியாதையாகக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பக்கம் அப்படியில்லை. அறுத்தெடுத்த துண்டை வீட்டாரே சுமந்துபோய்ப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். மாமா அந்தச் சின்ன பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸிலிருந்து பேசினார்.

"அவ பேரு, எம் பேரு, ஊரு எல்லாம் எழுதி ஒட்டியிருக்கேன். வெள்ளிக்கிழம ரிசல்ட்டாம். மொதல்ல ஒனக்குத்தான் படிச்சுக் காட்டுவேன். இந்த வாட்டியாவது உள்ளத உள்ளபடி சொல்லு."

இன்று வெள்ளிக்கிழமை. ஹெல்காவுக்குத் தெரியாமல் செல்போனை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். வலது கை ஊர் பேர் தெரியாத யாருடைய சதையையோ லேசருக்கடியில் நகர்த்திக்கொண்டிருக்கிறது. இடது கையால் சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருக்கிறேன், வெளிச்சம் வெளியே வந்துவிடாமல், மாமாவின் அழைப்பும் தப்பிவிடாமல்.