வெளிநாட்டுப் பிள்ளைகள் அளக்காத வீடு

அன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள்: திருச்சிப் பக்கத்துக் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றின் துறைத்தலைவர், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, அவர் கூட்டி வந்த மாணவ மாணவியர் ஒன்பது பேர், நான், என் மனைவி. அடுத்த வீட்டுப் பங்காளி இல்லை, அவன் குவைத்தில் இருந்தான். அன்றைக்கு லாபம் பார்த்தது அவன் ஒருவன்தான்.

ஒரு மாதத்துக்கு முன்பு துறைத்தலைவர் தனியாக வந்திருந்தார். நார்த்தாமலைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரை நிறுத்தி, என் வீட்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். மண் சுவர், நாட்டு ஓடு, சாணி மெழுகிய தரை. பெண் பார்க்க வந்தவன்கூட அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு பத்து வருட ஒப்பந்தம் போடப் போகிறார்களாம். வருடா வருடம் அங்கிருந்து பிள்ளைகள் வந்து கிராமத்து வீட்டை அளந்து படம் வரைவார்களாம். வருகிற அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டால் வருடத்துக்கு நாற்பதாயிரம் வாடகை.

“நம்ம பிள்ளைகளும் அங்க போகுமா சார்?”

“மொதல்ல நான் போய்ப் பாத்துட்டு வருவேன்” என்றார்.

நாற்பதாயிரம் என்றதுமே எனக்கு மகளின் முகம்தான் தெரிந்தது. நர்சிங் இரண்டாம் வருடக் கட்டணம் கட்டாமல் கிடந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றாலே என்னென்னவோ யோசிப்பேன். ஓட்டிலிருந்து வெள்ளைக்காரப் பிள்ளை தலையில் தேள் விழுந்தால்? சாணித் தரையில் உட்கார்ந்து உடம்பெல்லாம் தடித்துப்போனால்? முதலில் போலீஸ் வருமா, தூதரகத்து ஆள் வருவாரா? மனைவிக்கு வேறு கவலை.

“மாப்ள வீட்டுக்காரங்க வந்தாலே சொவத்துக்கு வெள்ளையடிக்கிறோம். கடல் தாண்டி வாரவங்க இந்த அழுக்கையா பாக்குறது?”

நியாயம்தானே. சுவருக்கு சிமெண்ட் பூச்சு, அதன்மேல் வான நீல டிஸ்டெம்பர், தரைக்கு வழுவழுவென்று டைல்ஸ், ஓடு கண்ணில் படாமல் பிளாஸ்டிக் சீலிங். எல்லாம் புதுக்கோட்டைக் கடையில் கடனுக்கு. வாடகை வந்ததும் முதல் வேலை மகளின் கட்டணம், மிச்சத்தில் மெள்ள மெள்ளக் கடைக் கடன் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

வேன் வந்து நின்றது. பேராசிரியை போனில் இருந்த படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். துறைத்தலைவருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

“என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?”

“சுத்தம் பண்ணிருக்கோம் சார்.”

“மண்ணு எங்க?”

“உள்ளதான் இருக்கு சார். எங்கயும் போகல.”

“சாணித் தரை?”

“மாடு கொல்லையிலதான் நிக்குது” என்றாள் மனைவி. “வேணும்னா இப்பவே அள்ளிட்டு வாரேன்.”

அதற்குள் அந்த அம்மா வேலிக்கு அங்கிட்டு எட்டிப் பார்த்துவிட்டார். பங்காளியின் வீடு. வெளிநாடு போன நாளிலிருந்து ஒரு ஓடு மாற்றாதவன். பாதிச் சுவர் சரிந்து, நடுக்கூடத்தில் வேம்பு முளைத்து, ஊர் ஆடெல்லாம் அங்கேதான் படுக்கும். அம்மா ஓடிப்போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“வீடு மூச்சு விடுதுன்னு சொல்றாங்க” என்று மொழிபெயர்த்தார் துறைத்தலைவர்.

“இடிஞ்சு கெடந்தா காத்து வரத்தான செய்யும்” என்றாள் மனைவி. அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

ஒன்பது பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். ஆடு உரசித் தேய்ந்த மூலையைக்கூட அளந்தார்கள். குவைத்துக்கு என் போனிலிருந்தே பேச வேண்டியதாயிற்று.

“இடிஞ்ச வீட்டுக்கு வாடகையா? அண்ணே, கேலி பண்றியா?”

“நெசந்தான்டா.”

“லீவுல வந்து சொவத்தக் கட்டலாம்னு இருந்தேனே!”

துறைத்தலைவர் பதறிப்போய் போனைப் பிடுங்கினார். “எதையும் தொட்றாதீங்க. பத்து வருஷத்துக்கு அப்படியே இருக்கணும்.”

“பத்து வருஷம் அது நிக்காது சார்” என்று பங்காளி கத்தியது எனக்கும் கேட்டது.

“விழுந்தா அதுவும் அவங்களுக்குப் பாடம்தாங்க.”

இரண்டு நிமிடத்தில் பங்காளி வாடகையை ஐம்பதாயிரமாக்கினான். பத்து வருட நட்புறவு அங்கேயே உறுதியாயிற்று.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டது என் வீட்டில்தான். மூச்சு விடுகிற வீட்டில் மின்விசிறி இல்லை. டைல்ஸ் தரையில் காலை நீட்டிக்கொண்டு பேராசிரியை ஏதோ சொன்னார்.

“ஒங்க வீடு ரொம்ப சௌகரியமா இருக்காம்” என்றார் துறைத்தலைவர்.

“அப்ப வாடகை சார்?”

“சௌகரியத்துக்குத் திட்டத்துல எடம் இல்லைங்க.”

பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்து, திரும்பச் சாணி மெழுகிவைத்தால் அடுத்த வருடம் பரிசீலிக்கலாம் என்று ஆறுதலும் சொன்னார். வேன் போன பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பூசியதைவிடச் சுரண்டுவதற்குக் கூலி அதிகம் என்றார்.

மறுநாள் மகளின் கல்லூரிக்குப் போய் நின்றேன். தவணை கொடுத்தார்கள், முழுவதும் கட்டாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். மனைவியின் தோடு அடகுக்குப் போனது. பரீட்சை வந்துகொண்டிருக்கிறது. மகளின் கட்டணத்தில் இன்னும் பாக்கி: இருபத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.