மைக்கைச் சாய்த்து வைத்தவர்

நன்றி மிகும்போது கற்பனையும் கலந்துவிடும்; ஆகவே, நானே கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளில், தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பாளர் வேலைக்கான குரல் தேர்வு. ஒருவருக்கு ஒரே பதிவுதான். நான் வாசித்ததை ஒலிப்பதிவாளர் போட்டுக் காட்டினார். கண்களை மூடிக்கொண்டே கேட்கும் ஒல்லியான மனிதர். 'பாரதப் பிரதமர்' என்ற இடத்தில் என் மூச்சு மைக்கில் மோதிப் பட்டாசாக வெடித்தது. வேலை போயிற்றென்று எழுந்தேன்.

"எங்க ஓடறேள்? உக்காருங்கோ சார். மைக்கை முறைச்சா அதுவும் முறைக்கும்."

மின்விசிறியை நிறுத்தினார். மைக்கை ஒரு சாண் தள்ளி, என் கன்னத்தோரமாகச் சாய்த்தார். நாடாவைத் திருப்பிச் சுற்றி, பழைய பதிவின் மேலேயே மறுபடி பதிய வைத்தார்.

"அச்சா, இப்போ எதிர்ல இருக்கற எனக்குச் சொல்லுங்கோ. ஜல்தி வேண்டாம்."

வாசித்து முடித்ததும் போட்டுக் காட்டினார்; இம்முறை ஒவ்வோர் எழுத்தும் தனித்து விளங்கியது. என் குரலா இது என்று துள்ளி எழுந்தேன்.

வேலை கிடைத்தது. முதல் பதிவை அழிக்க அவருக்கு அனுமதி இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.