கீழே கிடந்த டிக்கெட்

அப்போது நான் திராட்சைத் தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து விற்கும் கம்பெனியில் இருந்தேன். சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டிக்குப் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று ஆள் ஏற்றும் ஜீப்பில்தான் போவேன். ஜீப்பில் ஏது டிக்கெட்? மதுரை ஆபீஸோ டிக்கெட் இல்லாமல் பயணப்படி தராது. ஜீப்பில் போனேன் என்று உண்மையை எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். பஸ் ஸ்டாப்பில் பொறுக்கிய டிக்கெட்டை ஒட்டினால் மறுபேச்சில்லாமல் பாஸாகும். எரிச்சலோடுதான் பொறுக்கினேன்.

ஒருநாள் தோட்டக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். "என்ன சார் தேடுறீக?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த முறை போனபோது ரப்பர் பேண்டு போட்ட டிக்கெட் கத்தையை நீட்டினார். "பஸ்ஸுல வந்தவுககிட்ட எல்லாம் உங்களுக்குன்னு சொல்லி வாங்கி வச்சேன் சார்."

அன்று நான் பஸ்ஸில்தான் வந்திருந்தேன். என் டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனாலும் கையை நீட்டினேன்.